மூன்றாம் சாட்சி

“அவருக்கு இதெல்லாம் புரியாதுங்க. நீங்க டீயைக் குடிங்க.”

கல்யாணமான புதிதில் மனைவி சொன்ன இந்தப் பேச்சை மெக்கானிக் வாங்கி வைத்துக்கொண்டார். வாங்கியதைக் கடைசிவரை இறக்கி வைக்கவில்லை.

அன்றைக்கு அவளுடைய கல்லூரியிலிருந்து நாலைந்து பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அதில் ஒருத்தர் சும்மா இருக்காமல், “உங்க வீட்டம்மா என்ன ஆராய்ச்சி பண்றாங்கன்னு தெரியுமா சார்?” என்று இவரைக் கேட்டார். சார் என்றதும் மெக்கானிக்குக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. “தெரியுமே. கம்ப்யூட்டர்ல ஒரு சங்கிலி மாதிரி...” என்று ஆரம்பித்தார். அதற்குள் டீத் தட்டோடு உள்ளிருந்து வந்தவள் அப்படிச் சொல்லிவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். கூடவே அவரும் சிரித்தார்.

அதன்பிறகு வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும், அது குழாய் ஒழுகுகிற சண்டையானாலும் குடையைத் தொலைத்த சண்டையானாலும், கடைசியில் இதில்தான் வந்து நிற்கும்.

“நமக்கு எங்கம்மா புரியும்? நாம என்ன டீச்சரா?”

“ஐயோ கடவுளே, அதை இன்னும் விடலையா நீங்க?”

“விடறதுக்கு அது என்ன ஏசி கேஸா, தானா லீக் ஆகிப் போக? அப்படியே உள்ள நிக்குது.”

அவருக்கு ஃப்ரிட்ஜ், ஏசி ரிப்பேர் வேலை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் அவரும் ஒருவரை ஒருவர் கைகழுவிவிட்டார்கள். அவள் பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் டீச்சர். ஆய்வகத்து ஏசியைப் பார்க்கப் போனவர் ஆய்வகத்து டீச்சரையே கட்டிக்கொண்டு வந்துவிட்டார் என்று கடைத்தெருவில் கேலி பேசுவார்கள். அது பொய்யும் இல்லை. அன்றைக்கு அவர் ஏணிமேல் நின்று ஃபில்டரைக் கழற்றும்போது கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது அவள்தான். கொண்டையில் ஒரு பென்சில் செருகியிருந்தாள். அந்தப் பென்சில் எங்கே என்று அறை முழுக்கத் தேடிக்கொண்டும் இருந்தாள். “தலையில இருக்குங்க” என்று மேலேயிருந்து அவர் சொன்னதுதான் முதல் பேச்சு.

ஆள் அப்படித்தான். நின்றுகொண்டே சாப்பிடுவாள். கடைப் பலகையில் எழுத்துப்பிழை இருந்தால் உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வருவாள். அந்தத் தெருவில் பாதிக் கடைக்காரர்களுக்கு அவளைக் கண்டாலே ஆகாது. நடையென்றால் நடை, காற்று மாதிரி முன்னால் போய்க்கொண்டே இருப்பாள். பின்னால் இவர் மூச்சு வாங்க, “ஏய், பஸ் ஒண்ணும் ஓடிடாது, மெதுவாப் போ” என்று கத்திக்கொண்டு போவார்.

அவள் ஆராய்ச்சிக்கு வித்து போட்டது அவளுடைய அப்பாவின் சாவு. அவர் நோயில் கிடந்து இறந்தபின், அம்மாவின் கையிலிருந்த போனுக்கு மாதாமாதம் மருத்துவமனையிலிருந்து அவர் பெயருக்கே தகவல் வந்துகொண்டிருந்தது: ‘உங்கள் மருந்து தயாராக உள்ளது.’ வரும்போதெல்லாம் அந்த அம்மா போனை எடுத்துக்கொண்டு மகளிடம் வருவார். “அப்பாவுக்கு மருந்து ரெடியாம்மா. போய் வாங்கணுமோ?” கேட்கும்போதே கண் கலங்கிவிடும். விசாரித்துப் பார்த்தால், எவனோ ஒருத்தன் இறந்தவரின் ரகசியக் குறியீட்டைத் திருடி, அவர் பேரில் கடுமையான வலிமருந்துகளை வாங்கிக்கொண்டிருந்தான். மருத்துவமனை ஜன்னலில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “சிஸ்டத்துல அவர் உயிரோடதான் இருக்காரு மேடம்.”

அந்தப் பேச்சை அவள் வாங்கி வைத்துக்கொண்டாள். புருஷனும் பெண்டாட்டியும் அந்த ஒரு விஷயத்தில் ஒரே ரகம்.

அவள் என்ன செய்கிறாள் என்பதை அவள் இவருக்கு உட்கார்ந்து சொன்னதில்லை. பக்கத்து அறையில் சுவரைப் பார்த்து அவள் பேசிப் பழகுவதைக் கேட்டே இவர் தெரிந்துகொண்டார். ஊரில் இருக்கிற நோயாளிகளின் பதிவுகளை ஒரே இடத்தில் வைக்காமல், பல கம்ப்யூட்டர்களில் சங்கிலி போலக் கோத்து வைப்பது. அதற்குப் பெயர் பிளாக்செயின். ஒரு கண்ணியை எழுதிவிட்டால் எழுதியதுதான், யாரும் தனியாக அழிக்க முடியாது. ஒவ்வொருவருக்கும் ஒரு ரகசியச் சாவி. ஆனால் ஆள் செத்தாலும் சாவி சாகாது. அதைத் திருடியவன் செத்தவராகவே உள்ளே நடமாடலாம். அதற்கு அவள் கண்டுபிடித்த வழி, சேரும்போதே ஒவ்வொருவரும் நம்பிக்கையான மூன்று பேரைச் சாட்சியாக வைக்க வேண்டும். ஆள் இறந்ததும் அந்த மூன்று பேரும் தங்கள் போனில் ‘ஆம், இறந்துவிட்டார்’ என்று அழுத்த வேண்டும். அழுத்தினால் சாவி மூடிவிடும். மறுபடி யாராலும் திறக்க முடியாது.

கல்லூரியில் கழித்துப்போட்ட மூன்று கம்ப்யூட்டர்களைக் கொண்டுவந்து பக்கத்து அறையில் வைத்திருந்தாள். இரண்டு நாளில் அறை அடுப்பாகிவிட்டது. மெக்கானிக் ஒரு கடையில் வேண்டாமென்று தள்ளிய ஜன்னல் ஏசியின் உடம்பையும் இன்னொன்றின் கம்ப்ரஸரையும் சேர்த்து, புதுக் கப்பாசிட்டர் போட்டு, ஜன்னலை அறுத்து மாட்டிவிட்டார். “உனக்கில்ல. அந்தப் பொட்டிங்களுக்கு” என்றார். “பொட்டிங்க சார்பா நன்றி” என்றாள்.

பிறகு ஒருநாள் கடைத்தெருவில் நடக்கும்போது, தான் முன்னால் போய்க்கொண்டிருப்பதை மெக்கானிக் கவனித்தார். திரும்பிப் பார்த்தால் அவள் ஒரு கடைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

இதயத் தசை தளர்ந்துகொண்டே போகிறது, ரத்தத்தைத் தள்ளும் சக்தி குறைகிறது என்றார் டாக்டர்.

“மாத்த முடியாதா டாக்டர்?”

“அவங்க உடம்பு அந்த ஆப்பரேஷனைத் தாங்காதுங்க. மருந்துல எவ்வளவு தூரம் போகுமோ போகட்டும்.”

வெளியே வந்ததும் அவள் கேட்டாள். “மாத்தறதுக்கு நான் என்ன ஃப்ரிட்ஜா?”

“ஃப்ரிட்ஜா இருந்தா இவன்கிட்ட எதுக்கு வரேன்? நானே பாத்திருப்பேன்.”

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே படியிறங்கினார்கள். பாதிப் படியில் அவள் உட்கார்ந்துவிட்டாள்.

இந்த நிலைமையில்தான் தேசிய இணையப் பாதுகாப்பு மாநாட்டிலிருந்து அழைப்பு வந்தது. கட்டுரையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், ஆனால் நேரில் வந்து பேச வேண்டும், பொம்மைப் பெயர்களை வைத்துச் செய்த சோதனை போதாது, உண்மையான ஒருவரின் சாவியை உண்மையான சாட்சிகளை வைத்து மேடையில் மூடிக் காட்ட வேண்டும். பார்க்க மருத்துவமனைத் துறையிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். அவர்களுக்குத் திருப்தியென்றால் ஒரு மருத்துவமனையிலாவது இதை ஓடவிட்டுப் பார்ப்பார்கள்.

“அக்கா, ரெண்டு வார்த்தை சேர்ந்தாப்பல பேசினா உனக்கு மூச்சு முட்டுது. மேடை கேக்குதா?” என்று சண்டைக்கு வந்தாள் தங்கச்சி.

“கால் மணி நேரத்துக்கு மூச்சு இருந்தாப் போதும்டி. அதுக்கு மேல யாரும் பேச விடமாட்டாங்க.”

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. தான் செய்தது எங்காவது ஓடுவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான். அதற்கு இந்த மாநாட்டை விட்டால் வேறு நாள் இல்லை என்று அவளுக்கும் தெரியும், வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

உயிரோடு இருக்கிற வேறு யாருடைய சாவியையும் நிரந்தரமாக மூடக் கூடாதென்று, சோதனைக்கு அவள் தன்னுடைய சாவியையே வைத்தாள். சாட்சிகள் மூன்று பேர்: அவளுக்கு ஆராய்ச்சி வழிகாட்டியான பேராசிரியர், தங்கச்சி, புருஷன். பேராசிரியர் வீட்டுக்கு வந்தபோது, “மூணு பேரும் அழுத்தணும்னு வைக்காதம்மா. மூணுல ரெண்டு போதும்னு வை. ஒருத்தர் போன்ல சார்ஜ் இல்லாமப் போனா?” என்றார்.

“சார்ஜ் போட்டுக்கட்டும் சார். ரெண்டு பேர் சேர்ந்து ஒரு உயிரோட இருக்கறவங்களைச் சாகடிச்சிடலாம். மூணு பேர் கூட்டு சேர்றது கஷ்டம்.”

மெக்கானிக்கிடம் அவள் சொன்னது வேறு மாதிரி. “நீங்களும் ஒரு சாட்சி.”

“எனக்குத்தான் புரியாதே.”

“புரிய வேண்டாம். அழுத்தினாப் போதும்.”

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். உள்ளுக்குள் அவருக்குச் சந்தோஷம்தான். வீட்டில் ஒத்திகை நடக்கும்போது ஒரு பொம்மைப் பெயர், சாம்பல் நிறத்தில் முகமில்லாத ஒரு படம். பட்டென்று அழுத்திவிட்டு, “செத்தான்” என்பார். “பாவம், இந்த வாரத்துலயே இவனை எத்தனை தடவைடி கொல்லுவீங்க?” என்று தங்கச்சியைக் கிண்டல் செய்வார்.

மாநாட்டு அரங்கு பெரியது. வாசலில் கழுத்தில் மாட்ட அட்டை கொடுத்தார்கள். அவருடையதில் ‘விருந்தினர்’ என்று இருந்தது. உள்ளே நுழைந்ததுமே அவர் மேலேதான் பார்த்தார். முன்வரிசைக்கு நேர்மேலே குளிர் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் சால்வையை இழுத்து மூடிக்கொண்டாள், உதடு வெளுத்திருந்தது. மெக்கானிக் போய் அரங்குக்காரரைப் பிடித்தார்.

“தம்பி, அந்த வெண்ட்டைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிவிடுங்க.”

“நீங்க யாரு சார்? டெக்னிக்கல் டீமா?”

“நான் ஒரு நோயாளியோட புருஷன். திருப்புங்க.”

திருப்பிவிட்டார்கள்.

மேடையில் அவளுக்கு மட்டும் நாற்காலி போட்டிருந்தார்கள். மைக்கைத் தாழ்த்திவிட்டு ஆரம்பித்தாள். “எங்கப்பா இறந்ததுக்கப்புறம் ஒரு மருத்துவமனையில எங்கிட்ட சொன்னாங்க. சிஸ்டத்துல அவர் உயிரோடதான் இருக்காரு மேடம்.” அரங்கம் சிரித்தது. அவள் நிறுத்தினாள். அந்த நிறுத்தத்தில் சிரிப்பு அடங்கிச் சத்தமே இல்லாமல் போயிற்று. பேச்சுக்கலைக்காக நிறுத்துகிறாள் என்று நினைத்திருப்பார்கள். அவள் மூச்சுக்காக நிறுத்தினாள் என்பது மூன்று பேருக்குத்தான் தெரியும்.

பேசி முடித்து, “இப்ப என் சாவியையே மூடிக் காட்டப்போறேன். சாட்சிகள் இந்த அரங்கத்துலயே இருக்காங்க” என்றாள். பின்னாலிருந்த பெரிய திரையில் மூன்று வட்டங்கள் வந்தன. பேராசிரியர் அழுத்தினார். முதல் வட்டம் பச்சையானது. தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டே அழுத்தினாள். இரண்டாவதும் பச்சை.

மெக்கானிக் போனைப் பார்த்தார்.

சாம்பல் படம் இல்லை. அவள் முகம். வீட்டு வாசலில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கொண்டையில் பென்சிலோடு. அவரே எடுத்த படம். ‘அட்டைக்கு ஒரு போட்டோ வேணும், சீக்கிரம் எடுங்க’ என்று அவசரப்படுத்தி எடுக்க வைத்தது. கீழே அவள் பெயர். அதன் கீழே: ‘இவர் இறந்துவிட்டார் என்று உறுதி செய்கிறீர்களா?’ அதற்கும் கீழே, சின்ன எழுத்தில்: ‘இதைத் திரும்பப் பெற முடியாது.’

தலை நிமிர்ந்து பார்த்தார். அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தெலும்பு ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

எரிகிற நெருப்பைச் செம்புக் குழாயில் பிடித்து ஒட்டும்போது ஒரு தடவைகூட ஆடாத கை அது. இப்போது கட்டைவிரல் கண்ணாடிக்கு மேலேயே நின்றுவிட்டது.

“மாமா, அழுத்துங்க.”

“இரு.”

“நேரம் போகுது மாமா.”

“இருன்னு சொல்றேன்ல.”

“ஐயோ மாமா, இது சும்மா டெமோ!”

“போட்டோவைப் பாருடி. சும்மாவா இது?”

மேடைக்கென்று வைத்த நேரம் முடிந்துபோனது. பச்சை வட்டங்கள் அணைந்து, திரையில் சிவப்பாக எழுத்து வந்தது: ‘சாட்சி முழுமை பெறவில்லை. சாவி திறந்தே உள்ளது.’

அரங்கத்தில் கசமுசாவென்று பேச்சு எழுந்தது. தலைமை வகித்தவர் மைக்கை இழுத்து, “மூணாவது சாட்சிக்கு நெட்வொர்க் பிரச்சினையா?” என்று கேட்டார். பேராசிரியர் அவசரமாக எழுந்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பழி ஏதோ ஒரு கம்பியின்மேல் போயிருக்கும். இன்னொரு தடவை ஓட்டிக் காட்ட விட்டிருப்பார்கள்.

அவள் முந்திக்கொண்டாள். “நெட்வொர்க் இல்ல சார். அது என் வீட்டுக்காரர்.”

சிரித்தார்கள். அவள் சிரிப்பு அடங்கும்வரை மூச்சைச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

“சாட்சிங்க பொய்யா அழுத்திடுவாங்களோன்னுதான் பயந்தேன் சார். அதுக்குத்தான் மூணு பேர்னு வெச்சேன். உண்மையாவே இறந்தா, அதை அழுத்தக் கை வராமப் போகும்னு நினைக்கல. என் கட்டுரையில அதுக்குப் பதில் இல்ல.”

தலைமை வகித்தவர் நல்ல மனிதர். மருத்துவமனைத் துறை ஆட்களோடு குனிந்து பேசிவிட்டு, “அருமையான வேலைம்மா. ஆனா இப்படியே ஓடவிட முடியாது. திருத்தி அடுத்த வருஷம் கொண்டு வாங்க. நிச்சயம் பார்ப்போம்” என்றார்.

“சரி சார்” என்றாள். அடுத்த வருஷம் என்று கேட்டதும் மெக்கானிக் கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றினார்.

வீட்டுக்கு வரும் வழியில் வண்டியில் அவள் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். திட்டினால் தேவலை என்று அவருக்கு இருந்தது. திட்டினால் பதிலுக்கு எதையாவது சொல்லலாம். கடைசியில் அவளே கேட்டாள்.

“ஏங்க அழுத்தல?”

“கை வரல.”

“வீட்டுல அத்தனை தடவை அழுத்தினீங்க.”

“அது எவனோ. இது நீ.”

அவள் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். “உங்களுக்குப் புரியாதுன்னு நினைச்சேன். என்ன பண்றோம்னு புரியாம அழுத்திடுவீங்கன்னு.”

“புரிஞ்சு தொலைச்சிடுச்சு” என்றார் மெக்கானிக்.

இன்னொரு தடவை அதே இடத்தில் உட்கார வைத்துக் கேட்டாலும் அவர் அழுத்த மாட்டார். அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகமில்லாததால் வருத்தம் குறையவும் இல்லை.

அவள் ஓயவில்லை. மடியில் தலையணை, தலையணைமேல் லேப்டாப். நாலு வரி எழுதுவாள், சாய்ந்துகொள்வாள். பேராசிரியர் முதலிலேயே சொன்னதைப்போல மூன்றில் இரண்டு சாட்சி போதும் என்று மாற்றினாள். மூன்றாவது ஆளுக்குக் கை வரும்வரை சங்கிலி காத்திருக்கத் தேவையில்லை என்று ஒரு பத்தி சேர்த்தாள். பேராசிரியர் அதை எடுத்துக்கொண்டு துறையில் ஒவ்வொரு அறையாக ஏறி இறங்கினார். கடைசியில் ஒரு மருத்துவமனையில் ஓடவிட்டுப் பார்க்கச் சம்மதம் வந்தது. புது ஆட்களைச் சேர்க்க அனுமதிக்கிற தலைமைச் சாவி அவளுடையது. ஆரம்பிக்க இன்னும் நாளாகும் என்றார்கள். செய்தி வந்தபோது அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தாள். மூக்கில் குழாய். “ஓடப்போகுதா?” என்று மட்டும் கேட்டாள். ஓடுவதைப் பார்க்க அவள் இருக்கப்போவதில்லை என்பது அறையிலிருந்த எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஒரு சாயங்காலம், ஜன்னலில் வெயில் சாய்கிற நேரம், தங்கச்சியை டீ வாங்கி வர அனுப்பிவிட்டு அவரைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக, தன் வேலையை அவருக்கு விளக்கினாள். நிறுத்தி நிறுத்தி, மூச்சு வாங்கி வாங்கி. விதி மற்றவர்களுக்கு மாறிவிட்டது. அவளுக்கு மாறாது. சாவியைத் திருடியவன் சாட்சிகளை மாற்றிவிடக் கூடாதே என்பதற்காக, சேரும்போது எழுதிய விதியை அப்புறம் யாரும் தொட முடியாதபடி அவளே கட்டியிருந்தாள். ஒரு ஆளுக்கு ஒரு சாவிதான் என்பதும் அவள் வைத்த சட்டம்தான். ஆகவே அவள் சாவியை மூட இன்றைக்கும் மூன்று பேரும் வேண்டும். அது மூடினால்தான் தலைமைப் பொறுப்பு பேராசிரியருக்குப் போகும். போனால்தான் அந்த மருத்துவமனையில் முதல் நோயாளியைச் சேர்க்க முடியும்.

“புரியுதா?”

“புரியல” என்றார் மெக்கானிக்.

“புரியுதுங்க.”

“எனக்கு இதெல்லாம் புரியாது. நீதானே சொன்ன, எல்லார் முன்னாலயும்.”

குழாயோடு அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கக் கொஞ்ச நேரமானது. அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். கை முழுக்க எலும்பு தட்டியது.

“அதை வாபஸ் வாங்கிக்கறேன்” என்றாள்.

இவ்வளவு வருஷம் எதைக் கேட்க ஆசைப்பட்டாரோ, அது கிடைத்தபோது அவருக்கு அது வேண்டாமென்று இருந்தது.

அவள் போனபின் பேராசிரியர் அழுத்தினார். தங்கச்சி ஒரு வாரம் அழுதுவிட்டு அழுத்தினாள். இப்போதெல்லாம் காலையில் மெக்கானிக் முகம் கழுவிவிட்டு வரும்போது போனில் அந்தப் படம் வந்து நிற்கிறது. வெயிலுக்குச் சுருக்கிய கண், கொண்டையில் பென்சில், கீழே அதே கேள்வி. அவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலைக்குப் போகிறார். பேராசிரியர் நேரில் வந்தும் கேட்க மாட்டேனென்கிறார். வருகிறார், டீயைக் குடிக்கிறார், போகிறார். மாமியார் மட்டும் ஒருநாள் போனைப் பார்த்துவிட்டு, “எனக்கும் இப்படித்தான் வந்துட்டிருந்துது மாப்பிள்ளை” என்றார். பக்கத்து அறையில் மூன்று கம்ப்யூட்டர்களும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஜன்னல் ஏசியும் விடாமல் இரைகிறது.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில், இருமல் அடங்கியபின் அவள் அவர் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டாள். தங்கச்சி டீயோடு படியேறி வரும் சத்தம் கேட்டது. அவசரமாகத்தான் சொன்னாள், கடைக்குப் போகிறவரிடம் ஒன்றை ஞாபகப்படுத்துகிற மாதிரி.

“நான் போனதும் அழுத்திடுங்க. என்னங்க? அன்னைக்கு மாதிரி பண்ணாதீங்க. அழுத்திட்டு அந்த ரூம் ஏசியையும் நிறுத்திடுங்க, சும்மா ஓடிட்டிருக்க வேண்டாம்.”